அண்ணை, உது கணக்கிலை வருமோ?

வாசகர் கேள்வி – பதில்: கேம் பக்கம்

போன இதழிலை வேறை ஏதோ கேள்விக்குப் பதில் எழுதேக்கை போற போக்கிலை "மாரியோ 2 உண்மையிலை மாரியோவே இல்லை" எண்டு ஒரு வசனம் விட்டுப்போட்டன். அவ்வளவுதான். குளவிக்கூட்டுக்குக் கல் எறிஞ்ச கதை. வட்ஸ்அப்பிலை, கடிதத்திலை, ஏன் கோயில் வீதியிலை கச்சான் வாங்கேக்கை கூட மறிச்சுக் கேக்கினம், உந்தக் கேம் அந்தத் தொடரின்ரை கணக்கிலை வருமோ, அது சேர்த்தியோ, இது போலியோ எண்டு. எந்த போன் வாங்கலாம் எண்டு கேட்ட ஆக்கள் கோவிக்காமல் அடுத்த மாசம் மட்டும் பொறுங்கோ, இந்த முறை முழுக்க இந்தச் சண்டைதான்.

நான் மாரியோ 2 ஐ எமுலேட்டரிலை (பழைய கேமைக் கொம்பியூட்டரிலை ஓட்டுற மென்பொருள்) முடிச்சனான் அண்ணை. தலைப்பிலை மாரியோ எண்டு இருக்கு, ஓடுறதும் மாரியோ, பேந்து எப்பிடி மாரியோ இல்லை எண்டு எழுதுவியள்?
— ஏ.எல். படிக்கிற தம்பி, கொக்குவில்

நீர் கேட்டது சரி, நான் எழுதினது அரைகுறை. கதையை வடிவாச் சொல்லுறன் கேளும்.

1986 இலை மாரியோவைச் செய்யிற நின்ரெண்டோக் கொம்பனி ஜப்பானிலை "சுப்பர் மாரியோ பிரதர்ஸ் 2" எண்டு ஒண்டு விட்டது. பாக்கிறதுக்கு முதலாவது மாதிரியேதான், ஆனா விளையாடினால் விசர் பிடிக்கும். காளான் எண்டு ஆசைப்பட்டு ஓடிப்போய் எடுத்தால் அது நஞ்சுக் காளான், பாய்ஞ்சால் இடையிலை காத்து அடிச்சுத் தள்ளும். அமெரிக்காவிலை இருந்த நின்ரெண்டோக்காரர் அதை விளையாடிப் பாத்திட்டு உதை இஞ்சை விக்கேலாது எண்டிட்டினம். ஆனா விக்கிறதுக்கு ஒரு ரெண்டாவது மாரியோ வேணுமே. 1987 இலை அதே நின்ரெண்டோ ஃபுஜி ரீவியோடை சேந்து "யுமே கோஜோ: டோக்கி டோக்கி பனிக்" எண்டு ஒரு கேம் செய்திருந்தது, அதிலை தலைப்பாகை கட்டின ஒரு குடும்பம், அப்பா அம்மா எல்லாரும், நிலத்திலை நிக்கிற மரக்கறியைப் பிடுங்கிப் பிடுங்கி எதிரிக்கு எறிவினம். அந்தக் குடும்பத்தைத் தூக்கிப்போட்டு மாரியோ, லூய்ஜி, டோட், இளவரசி பீச் எண்டு நாலு பேரை அந்த இடத்திலை நிப்பாட்டி 1988 இலை அமெரிக்காவுக்கு "மாரியோ 2" எண்டு அனுப்பிவிட்டினம். நீர் முடிச்சது இதுதான். எதிரியின்ரை தலையிலை குதிச்சால் அது சாகாமல் நீர் அதுக்கு மேலை நிண்டு சவாரி போனீர்தானே, அப்பவே உமக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கவேணும்.

இதை வைச்சுத்தான் நான் "மாரியோ இல்லை" எண்டது. ஆனா நீர் எழுதினாப்பிறகு இருந்து யோசிச்சன். முகமூடி போட்ட அந்த ஷை கை, வாயாலை முட்டை துப்பிற பேர்டோ, திரி பத்தவைச்ச குண்டுக்குக் கால் முளைச்ச மாதிரி நடக்கிற பொப்-ஒம், இவை எல்லாரும் மாரியோவுக்கு வந்தது அந்த ரீவிக் கேமிலை இருந்துதான். இளவரசி பாவாடையை விரிச்சுக் காத்திலை மிதக்கிறதும் அதிலை இருந்துதான். இண்டைக்கு மாரியோ கார்ட் போட்டால் இவை இல்லாமல் ரேஸே இல்லை. 1992 இலை ஜப்பான்காரரே இதைத் திருப்பி வாங்கி "சுப்பர் மாரியோ யூஎஸ்ஏ" எண்டு வித்தவை. அப்பிடியெண்டால் ஜப்பானின்ரை அந்தக் கஷ்டமான 2? அதை 1993 இலைதான் "த லொஸ்ட் லெவல்ஸ்" எண்டு பெயரை மாத்தி வெளியிலை விட்டவை, ஆனா லூய்ஜி மாரியோவை விட உயரப் பாய்ஞ்சு வழுக்கிக்கொண்டு போற குணம் அதிலைதான் துவங்கினது. ரெண்டும் வீட்டுப் பிள்ளையள்தான்.

ஆகவே என்ரை விதியை மாத்துறன். பெட்டியிலை என்ன பெயர், என்ன இலக்கம் எண்டதை விடுங்கோ. பின்னாலை வந்த கேமுகள் எதிட்டை இருந்து சொத்து எடுத்துக்கொண்டு போச்சுதோ அது குடும்பம். எடுக்கிறதுக்கு ஒண்டுமே இல்லாமல் விட்டிட்டுப் போச்சுதெண்டால் அது பெயருக்கு மட்டும் சொந்தம். போன மாச வசனத்தை வாபஸ் வாங்கிறன்.

வைஸ் சிற்றிதான் ஜிடிஏ 4 எண்டு என்ரை றூம்காரன் அடிச்சுச் சொல்லுறான். இல்லையெண்டு நான். ஒரு கொத்து ரொட்டிக்குப் பெற்.
— கம்பஸ் மாணவர், திருநெல்வேலி

கொத்து உங்களுக்கு. (தெரியாத ஆக்களுக்கு: ஜிடிஏ எண்டால் "கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ" எண்ட கேம் வரிசை.) ஆனா அவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ, ஏனெண்டால் அவன் பிழை விட்டது அவனாலை இல்லை, எங்கடை தலைமுறையாலை.

2002 இலை யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தாப்பிறகுதான் இஞ்சை கொம்பியூட்டரும் சீடியும் ஒழுங்கா வரத் துவங்கினது. ரவுணிலை ஒரு கடை, பெயர் வேண்டாம், சின்ன மேசையிலை சீடி அடுக்கி வைச்சிருப்பார், எல்லாம் கொப்பி, வெள்ளை சீடியிலை மார்க்கர் பேனையாலை அவரே பெயர் எழுதுவார். நான் வாங்கினதிலை "ஜிடிஏ 4" எண்டு எழுதிக் கிடந்தது. வீட்டை கொண்டுவந்து போட்டால் ஊதா நிற வானம், தென்னை மரம், கையிலை பூப்போட்ட சேர்ட். வைஸ் சிற்றி! மூண்டு முடிஞ்சால் அடுத்தது நாலுதானே எண்டு அவர் தன்ரை கணக்கிலை எழுதியிருக்கிறார். பேந்து சான் அன்றியாஸ் வந்தது, அதுக்கு "5" எண்டு எழுதினார். 2008 இலை உண்மையான 4 வந்தாப்பிறகு அந்த மனிசன் என்ன செய்தாரோ, அதுக்குள்ளை நாட்டிலை எவ்வளவோ நடந்து முடிஞ்சுது, கடையும் இல்லை.

சரி, கணக்கு இதுதான். முதலாவது 1997, ரெண்டாவது 1999, ரெண்டும் மேலை இருந்து பாக்கிற கேம். 2001 இலை வந்த 3 தான் றோட்டிலை இறக்கி விட்டது. 2002 இலை வைஸ் சிற்றி, 2004 இலை சான் அன்றியாஸ், ரெண்டுக்கும் இலக்கம் இல்லை, ஏனெண்டால் கொம்பனி அதுகளை 3 இன்ரை உலகத்துக்குள்ளையே வைச்சுது. கதைப்படி பாத்தால் வைஸ் சிற்றி நடக்கிறது 1986 இலை, 3 இன்ரை கதைக்குப் பதினைஞ்சு வருசம் முந்தி. 4 வந்தாப்பிறகு அது வேறை உலகம் எண்டு அந்தக் கொம்பனி, ரொக்ஸ்டாரே, பிரிச்சு வைச்சிட்டுது. இலக்கம் இல்லை எண்டதுக்காக வைஸ் சிற்றி "பக்கக் கிளை" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அவையோடை எனக்குப் பேச்சில்லை. 3 இலை மோட்டச்சைக்கிள் இல்லை, அதைத் திருப்பிக் கொண்டுவந்தது வைஸ் சிற்றிதானே, அதுக்குப் பிறகு மோட்டச்சைக்கிள் இல்லாத பெரிய ஜிடிஏ ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்.

என்ரை மகனும் ரொறொன்ரோவிலை இருக்கிற தம்பியாரும் (மகனுக்கு மாமா) வீடியோ கோலிலை சண்டை பிடிச்சு ரெண்டு கிழமையாக் கதைக்கினம் இல்லை. ஏதோ ஃபைனல் ஃபான்ரசி மூண்டோ ஆறோ எண்டு பிரச்சினை. காசு விசயமோ எண்டு நானும் பயந்துபோனன். இது என்ன ஐயா?
— ஒரு தாய், மானிப்பாய்

அம்மா, காசு விசயம் இல்லை, பயப்பிடாதேங்கோ. ரெண்டு பேரும் ஒரே கேமைத்தான் சொல்லுகினம், ரெண்டு பேரும் சரி. உங்கடை தம்பி அங்கை போன காலத்திலை, அதாவது தொண்ணூறுகளிலை, "ஃபைனல் ஃபான்ரசி 3" எண்டு பெட்டியிலை அடிச்சு வித்தது ஜப்பானிலை 6. ஜப்பானிலை வந்த 2, 3, 5 மூண்டையும் அந்த நேரம் வெளியிலை விடேல்லை. அதாலை 4 ஐ 1991 இலை "2" எண்டும், 6 ஐ 1994 இலை "3" எண்டும் வித்தவை. பேந்து 1997 இலை 7 வரேக்கை இலக்கத்தை மாத்தாமல் 7 எண்டே விட்டிட்டினம், அங்கத்தைப் பிள்ளையள் மூண்டுக்குப் பிறகு ஏழு எப்பிடி வந்தது எண்டு கடைக்காரனைக் கேட்டிருப்பினம். உங்கடை மகன் படிச்சது இப்பத்தைக் கணக்கு.

இஞ்சை ஒரு வீட்டிலை மூத்தவரைப் "பெரியண்ணை" எண்டும், மூத்தவரும் அடுத்தவரும் வெளியிலை போனாப்பிறகு பிறந்தவர் மூண்டாவது ஆளை "பெரியண்ணை" எண்டும் கூப்பிடுறதில்லையோ, உதுதான். தம்பிக்கு நீங்களே ஒரு கோல் எடுங்கோ. எடுக்கேக்கை மகனிட்டை 10-2 (பத்தாவதின்ரை தொடர்ச்சியா வந்த கேம்) பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ, அது பத்தோ, பதினொண்டோ, எட்டோ எண்டு இன்னொரு சண்டை துவங்கும்.

ஈஏ கிரிக்கெட் 07 ஐ இண்டைக்கும் நாங்கள் பச் (ரசிகர் செய்து விடுற திருத்தம்) போட்டு விளையாடுறம். புது ஜேர்சி, புது பிளேயர், ஐபிஎல் எல்லாம் இருக்கு. நண்பன் சொல்லுறான் உது போலி, ஒஸ்திரேலியாக்காரன் செய்யிற கிரிக்கெட் 24 தான் உண்மையான அடுத்த பாகமாம். எது உண்மை?
— சாவகச்சேரியிலிருந்து ஒரு கிரிக்கெட் விசரன் (தன்னைத்தானே அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதுறன் எண்டு சொல்லலாம்.

முதல் உங்கடை நண்பன்ரை பக்கம். பெயரைப் பாத்தால் கிரிக்கெட் 96, 97, 2000, 2002, 2004, 2005, 07 எண்டு ஈஏ எண்ட கேம் கொம்பனி கொண்டுவந்த வரிசையிலை "கிரிக்கெட் 19", "கிரிக்கெட் 22", "கிரிக்கெட் 24" அடுத்தடுத்து நிக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஈஏ 2006 நவம்பரிலை 07 ஐ விட்டதோடை கிரிக்கெட்டைக் கைவிட்டிட்டுது. மெல்பேர்ணிலை இருக்கிற பிக் ஆன்ற் எண்ட கொம்பனி 2014 இலை "டொன் பிறட்மன் கிரிக்கெட் 14" எண்டு துவங்கி, பேந்து பெயரைச் சுருக்கி வெறும் "கிரிக்கெட் 19" எண்டு 2019 இலை விட்டது. விளையாட்டுக்குப் பெயர் கிரிக்கெட், வருசம் 19, அதை ஆரும் வைக்கலாம். மகாத்மா காந்தி வீதி எண்டு எல்லா ஊரிலையும் இருக்கு, எல்லாம் ஒரே றோட்டோ?

இனி உங்கடை பக்கம். 07 வந்த நேரம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்த வருசம் ஓகஸ்டிலை ஏ9 பூட்டினது. பிளேனிலையும் கப்பலிலையும்தான் சாமான். கொழும்பாலை வந்த என்ரை மச்சான் ஒருத்தன் ஒரு சீடியை அப்பியாசக் கொப்பியின்ரை நடுவிலை வைச்சுக் கொண்டுவந்து தந்தவன். இரவு கறன்ற் வந்தாப்பிறகு போட்டம். அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் ஒழுங்கான உரிமம், எங்கடை ரீமைத் திறந்தால் பிளேயரின்ரை பெயரெல்லாம் எழுத்து மாறிக் கிடக்கு, முகமும் ஆரோ ஒருத்தன்ரை. சனத்தைத் தெரியும், அடிக்கிற அடியைத் தெரியும், ஆனா பெயர் சொல்லிக் கூப்பிட ஏலாது. மச்சான் அண்டைக்கு இரவே கீபோர்டிலை இருந்து ஒவ்வொரு பெயரா மாத்தினவன், முரளியிலை துவங்கி. நான் சொல்லுறன், பச் போடுறது எண்டது அண்டைக்குத் துவங்கினது. இண்டைக்கு நீங்கள் டவுண்லோட் பண்ணுற ஜேர்சியும் மைதானமும் ஸ்கோர் போர்டும் அதின்ரை வளர்ச்சிதான்.

இப்ப எங்கடை ஊர் ஏ-ஃபோர்ட்டி கார்களை யோசிச்சுப் பாருங்கோ. ஒஸ்ரின் கொம்பனி எப்பவோ மூடியாச்சு. இஞ்சை அந்தக் காருகள் பொருளாதாரத் தடைக்குள்ளை மண்ணெண்ணையிலை ஓடிச்சுது, ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊத்திப்போட்டு. எஞ்சின் மாத்தி, கியர் பெட்டி மாத்தி, சீற்றைக் கிழிச்சு ரெக்சீன் போட்டு, நிறம் அடிச்சு, பழைய ஆணி எத்தினை மிச்சம் எண்டு ஓனருக்கே தெரியாது. ஆனா கலியாண வீட்டு வாசலிலை வந்து நிண்டால் "ஏ-ஃபோர்ட்டி வந்திட்டுது" எண்டுதானே சொல்லுறம், "ஏ-ஃபோர்ட்டி மாதிரி ஒண்டு வந்திருக்கு" எண்டு ஆரும் சொன்னதைக் கேட்டிருக்கிறியளோ?

பச் போட்ட 07 உம் அப்பிடித்தான். அடிச்ச பந்து மட்டையை விட்டுப் போற அந்த நேரம், ஓடேக்கை பாதியிலை திரும்பினால் வாற அந்தக் குலுக்கம், அது மாறேல்லை. ஒரு விசயம் மட்டும் எனக்கு ஒவ்வொருக்காலும் நெஞ்சைப் பிடிக்கும். 07 இலை நேர்முக வர்ணனை சொல்லுறது றிச்சி பெனோவும் மார்க் நிக்கலசும். பெனோ 2015 இலை செத்துப்போனார். உங்கடை பச்சிலை 2023 ஜேர்சியோடை, 07 வரேக்கை சின்னப்பிள்ளையா இருந்த பெடியன் ஒருத்தன் பந்து போட, மேலை இருந்து பெனோவின்ரை குரல் ஆறுதலாச் சொல்லிக்கொண்டு இருக்கு. ஜேர்சியை மாத்தலாம், முகத்தை மாத்தலாம், அந்தக் குரலை மாத்திற பச் போட எனக்கு இண்டைவரை மனம் வரேல்லை.

ஆகவே தீர்ப்பு: பச் போட்ட 07 ஐ அடுத்த பாகம் எண்டு சொல்லாதேங்கோ, அது அதே கேம்தான், இன்னும் சாகேல்லை. கிரிக்கெட் 24 உம் அடுத்த பாகம் இல்லை, அது அயல்வீட்டுப் பிள்ளை. ரெண்டையும் விளையாடுங்கோ, நண்பனோடை சண்டை வேண்டாம். அவனட்டைத்தானே நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இருக்குதாம்.

பெயர் மாறினாப்பிறகு ஃபிஃபா எண்டு சொல்லலாமோ?
— சுன்னாகம்

சொல்லுங்கோ. 1993 இலை துவங்கி "ஃபிஃபா 23" மட்டும் வந்த அதே கேம்தான், 2023 இலை பெயர் உரிமை முடிஞ்சதாலை "எஃப்சி 24" எண்டு போட்டை மாத்தினவை. கடைக்குப் போட் மாத்தினால் தேத்தண்ணி மாறுறேல்லை. மற்றப் பக்கம் கொனாமி எண்ட கொம்பனியைப் பாருங்கோ, "ப்ரோ எவலூஷன் சொக்கர்" எண்ட பெயரை விட்டிட்டு 2021 இலை "ஈஃபுட்போல்" எண்டு துவங்கி, முதல் நாளே பிளேயருக்குக் கண் ஒருபக்கம் மூக்கு ஒருபக்கமா வந்து உலகம் முழுக்கச் சிரிச்சுது. அதிலை போட்டோடை தேத்தண்ணியும் மாறிப்போச்சு.

நீங்கள் என்ரை பேரனுக்கு வட்ஸ்அப்பிலை "பின்னாலை வந்தது எதை எடுத்ததோ அதுதான் குடும்பம்" எண்டு எழுதினதைப் படிச்சன். எனக்குக் கேம் தெரியாது, தர்க்கம் தெரியும். அப்பிடியெண்டால் ஒரு தொடரின்ரை கடைசிக் கேம் எப்பவுமே குடும்பத்திலை சேராதே? அதுக்குப் பின்னாலை ஒண்டும் வராதே.
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பருத்தித்துறை

சேர், முழங்கால் போட்டிட்டன்.

விதியை ரெண்டு பக்கமும் பாக்கிற மாதிரித் திருத்திறன்: முன்னுக்கு இருந்ததிலை இருந்து வாங்கியிருக்கவேணும், அல்லது பின்னுக்கு வந்ததுக்குக் குடுத்திருக்கவேணும். கடைசிப் பிள்ளை வாங்கினால் காணும். இனி நீங்கள் "முதலாவது?" எண்டு கேப்பியள், அது குடுத்ததாலை சேர்த்தி. வேறை ஓட்டை இருந்தால் பேரனிட்டைச் சொல்லி அனுப்புங்கோ, ஆனா அடுத்த இதழுக்கு முந்தி வேண்டாம்.

சோனிக் 4 எண்டு கொம்பனியே இலக்கம் போட்டு விட்டது. ஆனா எல்லாரும் சோனிக் மேனியாதான் உண்மையான 4 எண்டு சொல்லுகினம். ரசிகருக்கு அந்த உரிமை ஆர் குடுத்தது?
— தங்கச்சி ஒராள், கோண்டாவில்

நல்ல கேள்வி தங்கச்சி. 2010 இலை சோனிக்கைச் செய்யிற சேகாக் கொம்பனி "சோனிக் 4: எபிசோட் 1" எண்டு விட்டது, 1994 க்குப் பிறகு முதல் முறையா இலக்கத்தோடை. பதினாறு வருசம் காத்திருந்த ஆக்கள் ஓடிப்போய் வாங்கினவை. வாங்கிப் பாத்தால் சோனிக் சறுக்கிலை வேகமா வந்து பாயேக்கை, நீங்கள் பட்டனை விட்ட உடனை நடுவானத்திலை ஆரோ பிடிச்சு இழுத்த மாதிரி நிண்டிடும். பழைய சோனிக்கின்ரை உயிரே அந்த உந்தல்தான்: பள்ளத்திலை உருண்டால் வேகம் கூடும், மேட்டிலை ஏறினால் குறையும், அதை மனசிலை கணக்குப் போட்டுத்தான் விளையாடுறது. நீங்கள் கூழ் காய்ச்சேக்கை நண்டு, றால், பயித்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் போட்டிட்டு ஒடியல் மாவை மட்டும் விட்டிட்டு கோதம்பை மா கரைச்சு ஊத்தினால் அம்மா என்ன சொல்லுவா? ருசியா இருக்கலாம். கூழ் எண்டு மட்டும் சொல்லமாட்டா.

"மேனியா" 2017 இலை வந்தது. அதைச் செய்தவையிலை கிறிஸ்ரியன் வைற்ஹெட் எண்டவர் சோனிக் ரசிகரா இருந்து, வீட்டிலை தானே எஞ்சின் எழுதிப் பழகி, பேந்து சேகாவுக்காக "சோனிக் சிடி" எண்ட பழைய கேமைத் திருத்திக் குடுத்த ஆள். அவை ஒடியல் மா எது எண்டு கையாலை தெரிஞ்ச ஆக்கள். இலக்கம் போடேல்லை, போடத் தேவையும் இல்லாமல் போச்சு. எபிசோட் 2 2012 இலை வந்ததோடை 4 நிண்டுபோச்சு, மூண்டாவது எபிசோட் வரவே இல்லை. உரிமை ஆர் குடுத்தது எண்டு கேட்டியள், ஒருத்தரும் குடுக்கேல்லை, கூழ் குடிச்சுப் பழகின ஆக்களுக்கு அது தானா வரும்.

ஆனா ஒண்டு, ரசிகர் எப்பவும் சரி எண்டும் நான் சொல்லமாட்டன். 2005 இலை "றெசிடென்ற் ஈவில் 4" எண்ட திகில் கேம் வரேக்கை இது றெசிடென்ற் ஈவிலே இல்லை, சொம்பி எங்கை, பழைய கமராக் கோணம் எங்கை எண்டு குளறினவை கனபேர். இண்டைக்கு அவையே அதைத் தலையிலை தூக்கி வைச்சிருக்கினம்.

கொஜிமா இல்லாமல் வந்த மெற்றல் கியரை மெற்றல் கியர் எண்டு சொல்லலாமா?
— வல்வெட்டித்துறை

இந்தச் சண்டை 2018 "மெற்றல் கியர் சர்வைவ்" இலை துவங்கேல்லை, 1990 இலையே இருக்கு. கொஜிமா எண்டவர் உருவாக்கின முதல் மெற்றல் கியர் கேம் 1987 இலை எம்எஸ்எக்ஸ்2 கொம்பியூட்டருக்கு வந்தது. பேந்து வெளிநாட்டுக்கெண்டு கொனாமி "ஸ்நேக்ஸ் றிவெஞ்ச்" எண்டு ஒரு ரெண்டாவதைச் செய்தது, கொஜிமாவைக் கேக்காமல். அதிலை வேலை செய்த ஒராள் ரயிலிலை கொஜிமாவைச் சந்திச்சு, நாங்கள் உங்கடை கேமுக்கு அடுத்தது செய்யிறம், ஆனா நீங்களே உண்மையானதைச் செய்யவேணும் எண்டு கேட்டாராம். அதாலைதான் "மெற்றல் கியர் 2: சொலிட் ஸ்நேக்" வந்தது. இப்ப என்ரை விதிப்படி பாத்தால் அந்தப் போலி ஒண்டும் குடுக்கேல்லை, ஆனா அது இல்லாட்டில் உண்மையானதே வந்திராது! பருத்தித்துறைச் சேர் இதைக் காணமாட்டார் எண்டு நம்புறன்.

சர்வைவ் பற்றி: கொஜிமா 2015 இலை விலகினாப்பிறகு வந்தது, இன்னொரு பாத்திரத்துக்கு சேவ் இடம் வேணுமெண்டால் தனிய காசு கேட்டது. உதுக்கு மேலை எழுத எனக்கு இடமில்லை.

செல்டா இளவரசி கதாநாயகியா வந்த முதல் கேம் 2024 "எக்கோஸ் ஒஃப் விஸ்டம்" தானே? தம்பி இல்லையாம்.
— நல்லூர்

தம்பி கெட்டிக்காரன், ஆனா அவனோடை கூடக் கதைக்காதேங்கோ. 1993 இலை ஃபிலிப்ஸ் தன்ரை சிடி-ஐ எண்ட பெட்டிக்கு "செல்டா: த வோண்ட் ஒஃப் கமலோன்" எண்டு ஒண்டை விட்டது, நின்ரெண்டோவோடை இருந்த ஒரு ஒப்பந்தம் குழம்பினதிலை கிடைச்ச உரிமத்தை வைச்சு. அதிலை ஓடுறது இளவரசிதான். நின்ரெண்டோ அதைத் தன்ரை கால வரிசையிலை சேர்க்கேல்லை. பெயர் இருக்கு, கையெழுத்தும் இருக்கு, ஆனா வீட்டிலை படம் மாட்டேல்லை. நின்ரெண்டோ வீட்டுக் கணக்கெண்டால் நீங்கள் சரி, உலகக் கணக்கெண்டால் தம்பி சரி.

கவுண்டர் ஸ்றைக் 2 எண்டு பெயர், ஆனா அதுக்கு முந்தி நாலு வந்திருக்கே?
— காரைநகர்

1.6 வரை வந்த முதலாவது, கொண்டிஷன் ஸீறோ, சோர்ஸ், ஜிஓ, பிறகு 2023 இலை "2". உதைச் செய்யிற வால்வுக் கொம்பனிக்குக் கணக்கு வராது எண்டு உலகத்துக்கே தெரியும். முதலாவதே 1999 இலை வால்வின்ரை ஹாஃப்-லைஃப் எண்ட கேமை மாத்தி ரெண்டு பெடியள் தாங்களாச் செய்த மொட் தானே, போலி எண்டு பாத்தால் அதுதான் முதல் போலி. டஸ்ட் 2 எண்ட மப் (சண்டைக் களம்) இருக்கிறவரைக்கும் எல்லாம் சேர்த்தி.

ஃப்ரீ ஃபயர் பப்ஜியின்ரை தொடரா?
— வட்டுக்கோட்டை

இல்லை. அயலட்டையும் இல்லை. ரெண்டும் 2017 இலை வந்த வேறை வேறை கொம்பனிக் கேம். சோதினைக்குப் படியும்.

எங்கடை அம்மம்மா வீட்டிலை பழைய ரீவி கேம் ஒண்டு இருக்கு. கசெட்டிலை 9999 இன் 1 எண்டு இருக்கு. அதிலை நாலைஞ்சு மாரியோ இருக்கு, எது உண்மையான மாரியோ?
— ஆறாம் வகுப்பு, உரும்பிராய்

குட்டி, இந்த முறை வந்த கேள்விகளிலை உம்முடையதுதான் எனக்கு மிச்சம் பிடிச்சது. அந்த 9999 உம் பொய். மெனுவிலை கீழை கீழை போய்ப் பாரும், கொஞ்சக் கேம்தான் திரும்பத் திரும்ப வேறை பெயரிலை வரும், ஒண்டிலை மாரியோ முதலாம் கட்டத்திலை துவங்கும், இன்னொண்டிலை நேரா நாலாம் கட்டத்திலை, இன்னொண்டிலை நிலவிலை நடக்கிற மாதிரி உயரப் பாயும். எல்லாம் 1985 இலை வந்த ஒரே மாரியோதான், ஆரோ உள்ளுக்கை கை வைச்சு மாத்தி விட்டிருக்கினம். சில கசெட்டிலை "சொமாரி" எண்டும் ஒண்டு இருக்கும், சோனிக்கின்ரை றோட்டிலை மாரியோ ஓடுவார், அது 1994 இலை ஆரிட்டையும் கேக்காமல் செய்த திருட்டுக் கேம். அது உம்மடை கசெட்டிலை கிடந்தால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பும்.

எது உண்மை எண்டு பாக்கிறதுக்கு: முதலாம் கட்டத்திலை துவங்கி, முதல் வாற கேள்விக்குறிப் பெட்டியை முட்டும். காசு வரவேணும். அடுத்ததை முட்டினால் காளான் வலப்பக்கமா ஓடி, குழாயிலை மோதித் திரும்பி உம்மட்டையே வரும். அப்பிடி வந்தால் அதுதான்.

படம் வராட்டில் கசெட்டைக் கழட்டி ஒருக்கா ஊதிப்போட்டுப் போடும். அதுக்கும் வராட்டில் அடப்டர் செத்திருக்கும், அம்மம்மாட்டைக் கேளும், பழைய றேடியோவின்ரை அடப்டர் அலுமாரிக்கு மேலை எங்கையோ வைச்சிருப்பா. வோல்ற் சரியோ எண்டு பெரிய ஆக்களிட்டைக் காட்டிப்போட்டுச் செருகும்.